கேப்டன் லட்சுமியும் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே உள்ள ஒரு கடலோர ஊர் எங்களுடையது. என் அப்பத்தா மலேயாவில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்களுக்கென்று இருந்த ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். கல்லூரிப் பிள்ளைகள், மலேசியாவிலிருந்து பூர்விகம் தேடி வருகிறவர்கள், திருவிழாவுக்கு வரும் உறவுக்காரர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். முக்கியமாக ஒரு கேள்வி: படை கலைந்து அறுபது வருஷம் ஆன பிறகும், வேறு மாநிலத்தில், வேறு கட்சியில் இருந்த தங்கள் பழைய தளபதி கேப்டன் லட்சுமியை இந்தப் பக்கத்து ஐ.என்.ஏ.காரர்கள் ஏன் விடவே இல்லை?

ராமநாதபுரத்துக்காரர்கள் மலேயாவுக்கு எப்படிப் போனார்கள்?

மழை பொய்த்தால் கண்மாய் காயும், கண்மாய் காய்ந்தால் ஊர் காலியாகும். கீழக்கரை, தொண்டிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வியாபாரத்துக்குக் கடல் தாண்டியவை. நிலமில்லாதவர்களோ தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியின் பின்னால் போனார்கள். கங்காணி பெரும்பாலும் சொந்தச் சீமைக்காரனாகவே இருப்பான். முன்பணம் கொடுப்பான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கினால் ரப்பர் தோட்டம். ‘ரஜுலா’ கப்பலின் பெயர் தெரியாத பழைய ஆள் எங்கள் பக்கம் கிடையாது.

தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பிறகு பால் வெட்டு. மேலே வெள்ளைக்காரத் துரை, அவருக்குக் கீழே கிராணி என்கிற கணக்கர், அவருக்குக் கீழே கங்காணி. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இல்லை. துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது என்பதும் ஒன்று. இந்த ஒரு கோரிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேப்டன் லட்சுமி யார்?

1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தவர். அப்பா சுவாமிநாதன் பெயர் பெற்ற வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர், 1952 தேர்தலில் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போனவர். நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய் தங்கை. லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூர் போனார். அங்கே அவர் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களில் ஏராளமானோர் இந்தியாவிலிருந்து கூலி வேலைக்குப் போன ஏழைகள். எங்கள் சனங்களுக்கு அவர் முதலில் டாக்டர்.

தோட்டத்துப் பெண்கள் ஏன் துப்பாக்கி தூக்கப் போனார்கள்?

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலேயாவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அதுவரை தெய்வம்போல நடமாடிய துரைமார் ஓடினார்கள். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. பர்மாவுக்கும் சயாமுக்கும் நடுவே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அப்பத்தாவின் அண்ணன் ஒருவரும் அப்படிப் போனவர்தான்.

இந்த நிலையில்தான் 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அவர் இந்துஸ்தானியில் பேசியது உடனுக்குடன் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. பெண்களுக்குத் தனிப்படை என்று அறிவித்ததும், சுமார் இருபது பெண்களைத் திரட்டிக் கனமான துப்பாக்கியோடு அணிவகுப்பு மரியாதை கொடுக்க வைத்தவர் டாக்டர் லட்சுமி. அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. அக்டோபர் 21இல் நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் என்ற தற்காலிக அரசில் அவர் ஒருவரே பெண் அமைச்சர்.

நாட்டுப்பற்று, வறுமை, பயம் எல்லாம் காரணம்தான். ஆனால் அப்பத்தா முதலில் சொல்வது வேறு. “அங்கன யாருக்கும் எறங்கி நிக்க வேணாம்டா” என்பார். சைக்கிள் கோரிக்கையை இப்போது நினைத்துப் பாருங்கள். பால்வாளி தூக்கிய பதினாறு வயதுப் பெண்ணுக்குக் காக்கிச் சட்டை, தொப்பி, பூட்ஸ். எல்லாரும் ஒரே சமையலில் சாப்பிட்டார்கள். டாக்டருக்குப் படித்த அம்மாவும் அதே காக்கியில்தான் நின்றார்.

முகாமில் இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் தமிழில் ஒரு வரி எழுதத் தெரியாத அப்பத்தா கடைசிவரை தன் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டார். ரேஷன் கடையில் கைநாட்டு மையை நீட்டியவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் திகைத்திருக்கிறார்கள்.

அவர்கள் உண்மையிலேயே சண்டை போட்டார்களா?

1944இல் படையின் ஒரு பகுதி பர்மாவுக்குப் போனது. ரங்கூனிலும் மேமியோவிலும் இருந்தார்கள். இம்பால் போர்முனையிலிருந்து வந்த காயக்காரர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள், குண்டு வீச்சில் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். எதிரியை நேருக்கு நேர் சுடும் வாய்ப்பு வருமுன்னே இம்பால் முற்றுகை தோற்றது. 1945 ஏப்ரலில் ரங்கூனைக் காலி செய்தபோது, நேதாஜியே இந்தப் பெண்களோடு பாங்காக் நோக்கி நாள்கணக்கில் நடந்தார்.

சண்டை போடாத படைதானே என்று இளக்காரமாகக் கேட்பவர்கள் உண்டு. புண்ணில் புழு நெளியும் ஆளைக் கழுவித் துடைத்துவிட்டு, அடுத்த நாளும் அதே வேலைக்கு எழுந்திருப்பது சண்டையைவிட எளிது என்று எனக்குத் தோன்றவில்லை.

போர் முடிந்து வந்தவர்களை ஊர் எப்படி வரவேற்றது?

ஐ.என்.ஏ. தளபதிகள் மீது வெள்ளைக்காரன் டெல்லியில் நடத்திய செங்கோட்டை வழக்கு நாட்டையே உலுக்கியது உண்மை. ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் 1945 நவம்பரில் கூண்டில் ஏற்றினார்கள். 1946 ஜனவரியில் விடவேண்டியதாயிற்று. மாலையும் மரியாதையும் கொஞ்ச காலம். சுதந்திர இந்தியாவின் ராணுவம் இவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ராமநாதபுரம் சீமைக்கு வந்த ஆண்கள் பனையேறினார்கள், உப்பளத்துக்குப் போனார்கள், சிலர் திரும்பவும் கப்பலேறினார்கள்.

பெண்கள் பாடு வேறு. அப்பத்தா 1950களில்தான் நாகப்பட்டினம் வந்து இறங்கினார். ஆண்களோடு காட்டில் திரிந்தவள் என்று ஒரு சொல் போதும், குடும்பமே கூனிப்போகும். ஆகவே இருபது வருஷம் அவர் வாயே திறக்கவில்லை. அவர் கணவரான எங்கள் ஐயாவுக்கே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். நாங்கள் முற்றத்தில் கூச்சல் போட்டால் “சாவ்தான்!” (விறைப்பாக நில்) என்று ஒரு அதட்டல் வரும், அவ்வளவுதான் அந்தப் படை வெளியே எட்டிப் பார்த்தது.

ஓய்வூதியம் கிடைத்ததா?

மத்திய அரசு 1972 ஆகஸ்டில் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் கொண்டுவந்தது. ஐ.என்.ஏ.வினரும் அதில் அடக்கம். பொதுவாக ஆறு மாதம், பெண்களுக்கு மூன்று மாதம் சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். சிறைப் பதிவு கிடைக்காவிட்டால் கூட இருந்த கைதி சான்று தரலாம். தோழர்களின் கையெழுத்து சோறு போட்டது இப்படித்தான். வருஷக்கணக்காகப் பார்க்காதவர்கள்கூட ஒருவருக்காக இன்னொருவர் பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்பத்தா எந்தச் சிறையிலும் இல்லை. பர்மாவிலிருந்து நடந்தே மீண்டவர். ஒரு அலுவலகத்தில் “ஜெயிலுக்குப் போகாத தியாகியா?” என்று கேட்டார்கள். என் அப்பா மூன்று முறை மனுக் கொடுத்தார். நான்காவது முறை அப்பத்தா தடுத்துவிட்டார்.

லட்சுமி எப்போது அரசியல் தலைவரானார்?

பர்மாவில் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1947 மார்ச்சில் பிரேம் சகலை மணந்து கான்பூரில் குடியேறினார். அங்கே அவர் நடத்திய மருத்துவமனை பிரிவினை அகதிகளுக்கு வைத்தியம் பார்த்ததில் தொடங்கியது. 1971இல் வங்கதேச அகதிகளுக்காகக் கல்கத்தா போனார். அந்தக் காலத்தில்தான் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1984இல் இந்திரா காந்தி கொலைக்குப் பின் கான்பூரில் சீக்கியர்களைத் தாக்க வந்த கூட்டத்துக்கு எதிரே தெருவில் நின்றார். அதே வருஷம் விஷவாயு தாக்கிய போபாலுக்கு மருத்துவக் குழுவோடு போனார். 1998இல் பத்ம விபூஷண். தொண்ணூறு வயது தாண்டியும் காலையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் ராமநாதபுரத்து வீரர்களும் அவர் கட்சிக்குப் போனார்களா?

பெரும்பாலும் இல்லை. இங்கேதான் வெளியூர்க்காரர்கள் குழம்புகிறார்கள். எங்கள் பக்கம் நேதாஜி என்றால் பார்வர்டு பிளாக், பார்வர்டு பிளாக் என்றால் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். 1939 செப்டம்பரில் நேதாஜி மதுரைக்கு வந்தது அவர் அழைப்பில்தான். ஐ.என்.ஏ.விலிருந்து வந்த பலர் அந்தக் கட்சியில் இருந்தார்கள். காங்கிரஸில் இருந்தவர்களும் உண்டு, பிறகு திராவிடக் கட்சிகளுக்குப் போனவர்களும் உண்டு. கடற்கரை முஸ்லிம் குடும்பங்களில் லீக்காரர்கள் இருந்தார்கள். அப்பத்தா எந்தக் கட்சிக்கும் போகவில்லை, ஓட்டை யாருக்குப் போட்டார் என்று ஐயாவிடம்கூடச் சொன்னதில்லை.

கட்சி இல்லை, சாதி இல்லை, ஊர் இல்லை. பின்னே என்ன பந்தம்?

இதற்கு நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

அரசியல் தலைவரிடம் தொண்டன் எதையாவது எதிர்பார்க்கிறான்: ஒரு சிபாரிசு, ஒரு பதவி, கல்யாண வீட்டில் ஒரு தலைகாட்டல். இவர்கள் லட்சுமியிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவரால் கொடுக்கவும் முடியாது, கான்பூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு என்ன செய்ய முடியும்? ஆனால் இவர்கள் யார் என்பதற்கு அவர் சாட்சி. ஊர் நம்பாதபோது, அலுவலகம் தாள் கேட்டபோது, சொந்தப் பேரன் வாத்தியார் சொன்ன சரித்திரத்தில் இவர்கள் பெயர் இல்லை என்று சொன்னபோது, எங்கோ ஒரு அம்மா உயிரோடு இருக்கிறார், அவருக்குத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அவர் பேர் எத்தனையோ மாறியிருக்கலாம்: டாக்டர் சகல், தோழர் லட்சுமி, வேட்பாளர். நாடு கடைசிவரை அவரைக் ‘கேப்டன் லட்சுமி’ என்றே கூப்பிட்டது. அவர் கேப்டனாக இருக்கும் வரைக்கும் அப்பத்தாவும் சிப்பாய்தான். அந்தப் பட்டம் ஒரு ஆளுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் இந்தக் கடற்கரை யார் பக்கம்?

இதைக் கேட்காதவர்களே இல்லை. ஒரு பக்கம் ராமேஸ்வரத்துப் பிள்ளை, ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த ஆ.ப.ஜெ.அப்துல் கலாம். இன்னொரு பக்கம் இடதுசாரிக் கட்சிகள் நிறுத்திய 87 வயது கேப்டன் லட்சுமி. நேதாஜி கண்ட பார்வர்டு பிளாக்கும் அவரை நிறுத்திய நான்கு கட்சிகளில் ஒன்று. தமிழ்நாட்டில் எலியும் பூனையுமான தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் கலாமுக்கே ஆதரவு.

கலாம் எங்களுக்கு எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி வீடுவீடாகப் போட்ட சிறுவன். அந்தப் பையன் பேப்பர் போட்ட அதே காலத்தில்தான் கடலுக்கு அப்பால் இந்தப் பெண்கள் அணிவகுத்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்டிப் பக்கம் ஒரு ராவுத்தர் தாத்தா இருந்தார், அவரும் ஐ.என்.ஏ. அப்பத்தாவைப் பார்க்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, “தங்கச்சி, நம்ம புள்ள ஜெயிக்கணும். ஆனா நம்ம கேப்டன் தோக்கப்படாது. என்ன செய்ய?” என்றார். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “ரெண்டும் நடக்கும்ணே” என்றார். எப்படி என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஜூலை 18இல் முடிவு வந்தது. கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. ராமேஸ்வரத்தில் வெடி. அப்பத்தா என்னைக் கூப்பிட்டு எண்ணை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். “ஒரு லச்சத்து ஏழாயிரம் பேரு போட்டாகளா?” என்று கேட்டார். அது ஆள் கணக்கு இல்லை, எம்.பி. ஓட்டுக்கு 708, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 176 என்று மதிப்பு இருக்கிறது, நாமெல்லாம் போட முடியாது என்று விளக்கினேன். “நாம போட முடியாதுன்னா நம்மாளுக கணக்குல வரலையே” என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை, ஒரு நிம்மதிதான் இருந்தது. யாருக்குப் போடுவது என்று அவர் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை.

அரசியலுக்குப் போன மற்றத் தளபதிகள் மீதும் இதே பாசம் இருந்ததா?

இருந்தது என்று சொன்னால் பொய். ஷா நவாஸ் கான் இம்பால் போர்முனையில் படை நடத்தியவர், செங்கோட்டையில் கூண்டில் நின்றவர். பிறகு காங்கிரஸ் சார்பில் மீரட்டிலிருந்து மக்களவைக்குப் போய், மத்திய அரசிலும் இருந்தார். 1956இல் நேதாஜி மரணத்தை விசாரித்த குழுவுக்குத் தலைவர் அவர். 1945 ஆகஸ்ட் 18 விமான விபத்தில் நேதாஜி இறந்தார் என்று குழு சொன்னது. குழுவில் இருந்த நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் அதை ஏற்கவில்லை. நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று தேவர் மேடைதோறும் பேசிய சீமையில் அந்த அறிக்கை எப்படி இறங்கியிருக்கும்? ஷா நவாஸ் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிய வீடு எனக்குத் தெரியும். தளபதி தன்னோடு நடந்தவர்களின் நம்பிக்கையை உடைத்துவிட்டார் என்ற கோபம் அது. எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடில்லை. கண்ட முடிவைச் சொல்ல அவருக்குக் கடமை இருந்தது. ஆனால் அந்த வலி பொய்யில்லை.

லட்சுமிக்குப் பின் படையை நடத்திய ஜானகி தேவர் மலேயாவிலேயே தங்கினார். 1946இல் மலேயா இந்தியன் காங்கிரஸ் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு, பிறகு செனட்டராகவும் இருந்தார். 2000இல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே தங்கிய வீராங்கனைகளுக்கு அவர் இருந்தார், இங்கே திரும்பிய சிலருக்கு லட்சுமி.

இது குருட்டு விசுவாசம் இல்லையா?

தளபதி சொன்னபடி ஓட்டுப் போட்டிருந்தால் குருடு என்று சொல்லலாம். இவர்கள் போடவில்லை. அவர் கொள்கையை ராவுத்தர் தாத்தா திண்ணையிலேயே காரசாரமாக மறுத்துப் பேசுவார். பேசி முடித்து, அவர் பேரைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும்.

எங்கள் வீட்டிலும் ஐ.என்.ஏ. தாத்தா இருந்தார். என்ன தேட வேண்டும்?

முதலில் தகரப்பெட்டி. கப்பல் சீட்டு, 1972இல் கொடுத்த தாமிரப் பத்திரம், ஓய்வூதிய உத்தரவு, யாராவது போட்டுக்கொடுத்த சக கைதிச் சான்று. பழைய படமிருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், ஸ்டுடியோ முத்திரை எந்த ஊர் என்று சொல்லும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. ஆவணங்கள் இருக்கின்றன. நேதாஜி தொடர்பான 100 கோப்புகளை 2016 ஜனவரி 23இல் வெளியிட்டார்கள். ஓய்வூதியம் பெற்றவர் இறந்திருந்தால் கணவனோ மனைவியோ, திருமணமாகாத மகளோ கேட்கலாம், பேரன் பேத்திகள் கேட்க முடியாது.

பாட்டிகளிடம் கேட்க மறக்காதீர்கள். தாத்தா பெயரைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள்.

கேப்டன் லட்சுமி எப்போது காலமானார்?

2012 ஜூலை 23இல், கான்பூரில், 97 வயதில். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பத்தா அதற்கு ஏழு வருஷம் முன்பே போய்விட்டார். செய்தி வந்த பத்திரிகையை அப்பா வெட்டி, 2002 தேர்தல் செய்தியை அப்பத்தா வைத்திருந்த அதே பெட்டியில் வைத்தார்.

உங்கள் அப்பத்தா அவரைத் திரும்பவும் பார்த்தாரா?

இல்லை. பர்மாவில் பார்த்ததுதான். 2002 தேர்தல் முடிந்த வாரத்தில் ஒரு நாள், “கான்பூரு எங்கிட்டு இருக்கு?” என்று கேட்டார். வடக்கே, ரொம்ப தூரம் என்றேன். “பினாங்கை விடத் தூரமா?” என்றார். பள்ளிக்கூட அட்லஸை விரித்து, நூல் பிடித்து அளந்து காட்டினேன். பினாங்கைவிடப் பக்கம்தான். நூலை விரலில் சுற்றிக்கொண்டு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பறம் ஏண்டா நான் போகலை?” என்றார்.